கம்பெனி செய்யும் தப்புக்கு நான் வேலையை விட வேண்டுமா? – கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் மில்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் சம்பளக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ, தொழிலாளர் சட்டம் சம்பந்தப்பட்ட வேலைகளை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். வக்கீல் இல்லை, ஆனால் வக்கீலிடம் எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். வந்திருக்கும் கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், ஊரையும் தொழிலையும் தவிர ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எல்லோரும் கேட்பது "கம்பெனி மோசம், இருக்கலாமா, போகலாமா" என்றுதான். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தத் தப்பில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா, உங்கள் பாஸ்வேர்ட் இருக்கிறதா, உங்கள் பெயர் இருக்கிறதா? இருந்தால் அவசரம். யாராவது சாகக்கூடும் என்றால் அதைவிட அவசரம். இரண்டும் இல்லை, பார்த்துப் பார்த்து மனசு கசந்து போயிருக்கிறது என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான்.

திருப்பூர், கணக்காளர்: அக்கா, ஏழு வருடமாக ஒரே பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். முதலாளி நல்ல மனுஷர், என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு லட்சம் கொடுத்து உதவியவர். ஒரு வருடமாக நூலே வராமல் பில் மட்டும் வாங்கி ஐடிசி (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான வரிக்கழிவு) எடுக்கச் சொல்கிறார். ரிட்டர்ன் போடுவது நான்தான். போன மாதம் "உன் பேர்ல ஒரு ஃபர்ம் ஆரம்பிச்சிடலாம்பா" என்றார். என்ன செய்வது?

பதில்: தம்பி, கேள்வியின் கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். சரக்கு இல்லாத பில்லில் வரிக்கழிவு எடுப்பது ஒரு குற்றம், அது அவருடைய கம்பெனியின் குற்றம். உங்கள் பெயரில் ஃபர்ம் வந்துவிட்டால் நீங்கள்தான் பட்டியல் வணிகர் (சரக்கு இல்லாமல் பில் மட்டும் போடுபவர்), நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வட மாவட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததாகச் செய்திகள் படித்திருப்பீர்கள், அதெல்லாம் ஆதாரும் பானும் அடுத்தவர் கைக்குப் போனதால் வந்த வினைதான்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 132வது பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள். போலி பில் தொகையில் வரி 1 கோடியைத் தாண்டினாலே சிறை, 5 கோடியைத் தாண்டினால் 5 வருடம் வரை, ஜாமீனில் வெளிவர முடியாத வழக்கு. பனியன் கம்பெனி நூல் கொள்முதலில் இந்தத் தொகை எவ்வளவு சீக்கிரம் சேரும் என்று உங்களுக்கே தெரியும். விசாரணைக்கு வரும் அதிகாரி முதலில் உட்கார வைத்துக் கேட்பது முதலாளியை இல்லை, ரிட்டர்ன் போட்டவரைத்தான்.

அதனால் ஃபர்ம் விஷயத்துக்கு இன்றைக்கே "முடியாது சார், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுங்கள், காரணத்தை வீட்டின் மேல் போட்டால் சண்டை வராது. போலி பில்லுக்கு அடுத்த ரிட்டர்ன் தேதிக்குள் ஒரு முடிவு எடுங்கள், அதாவது இனி அந்த வரிகளை நீங்கள் ஏற்றக் கூடாது. அவர் விடமாட்டார் என்றால் வேலை கிடைக்கிறதோ இல்லையோ கிளம்புங்கள். ஜிஎஸ்டி தெரிந்த கணக்காளருக்குத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வேலைக்குப் பஞ்சம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் உங்கள் நிலையை ஒரு வக்கீலிடம் சொல்லி வையுங்கள், ஏற்கெனவே போட்ட ரிட்டர்ன்கள் நீங்கள் போவதால் மறைந்துவிடாது.

அந்த ஒரு லட்சம் கடன். தவணை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். நன்றிக்கடனை ரிட்டர்னில் கழிக்க முடியாது.

அதே நண்பர்: அக்கா, என் ஆதார், பான் நகல் எல்லாம் வேலைக்குச் சேரும்போதே கொடுத்துவிட்டேனே?

பதில்: எல்லோரும் கொடுப்பதுதான். ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, லாகின் கூட வேண்டாம். உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஏதாவது பதிவு இருந்தால் காட்டும். அப்புறம், போனுக்கு வரும் ஓடிபியை "ஏதோ சிஸ்டம் அப்டேட்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சிவகாசி, போர்மேன்: பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். லைசென்ஸ்காரர் வெளியூரில். ஷெட்டுகளை மூன்று பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழெட்டுப் பேர், மரத்தடியிலும் வேலை நடக்கிறது. சொன்னால் "தீபாவளி வரைக்கும் பொறுங்க" என்கிறார்கள். சம்பளம் நல்ல சம்பளம், பிள்ளை காலேஜ் படிக்கிறான்.

பதில்: அண்ணா, இந்தக் கேள்விக்கு நான் நீட்டி எழுதப் போகிறேன், கோபம் வந்தாலும் படியுங்கள்.

தீபாவளி வரைக்கும் பொறுக்க முடியாது, சம்பள நாள் வரைக்கும் கூடப் பொறுக்க வேண்டாம். இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு நிமிடமும் தயக்கம் இல்லாத ஒரே கேள்வி உங்களுடையது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்து உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், இருபதுக்கும் மேல். அச்சங்குளத்தில் வெளியே வந்தது என்ன? லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை நடத்தியவர்கள் உள்குத்தகைக்காரர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அதே ஏற்பாடு. உள்குத்தகைக்கு எடுத்தவன் கொடுத்த காசை ஒரு சீசனில் எடுத்தாக வேண்டும், அதனால் ஆள் கூடும், மருந்து கூடும், பேன்சி ரகம் கூடும், மணிமருந்து என்னும் வெடிமருந்தை வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடெல்லாம் காற்றில் போகும். இதைத் தடுக்க வேண்டிய ஆளாக ஷெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பவர் போர்மேன்.

விபத்து நடந்தால் வழக்கில் யார் பெயர் வரும் என்று பேப்பரைப் பார்த்தே உங்களுக்குத் தெரியும்: உரிமையாளர், மேலாளர், போர்மேன். உரிமையாளர் தலைமறைவு என்று எழுதுவார்கள், போர்மேன் கைது என்று எழுதுவார்கள். இதில் வழக்கு ஒரு பக்கம். தினமும் காலையில் உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகும் அந்த ஏழெட்டுப் பேர் இன்னொரு பக்கம்.

வெறுமனே நின்றுவிடுவதும் போதாது. ஆலைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் சான்றிதழும் அப்படியே கிடக்கும், நீங்கள் வீட்டில் இருந்தாலும் தாளில் நீங்கள்தான் போர்மேன். இன்ன தேதியிலிருந்து பொறுப்பில் இல்லை என்று லைசென்ஸ்காரருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதன் நகலைச் சிவகாசியில் இருக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு இயக்கக அலுவலகத்துக்கும், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) கொடுத்த லைசென்ஸ் என்றால் கலெக்டர் ஆபீசுக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் அறைக்கு எத்தனை பேர், உள்குத்தகை, மரத்தடி வேலை, மூன்றையும் எழுதுங்கள். ஊரில் பேச்சு வரும். "இவன் ஆலையை மூட வைத்தான், நூறு குடும்பம் வேலை இழந்தது" என்பார்கள். வேலை இல்லாமல் போனால் அந்த நூறு பேருக்கு அடுத்த ஆலையில் வேலை கிடைக்கும், சிவகாசியில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. போர்மேன் சான்றிதழ் வைத்திருக்கும் உங்களுக்கும் அப்படித்தான்.

நாமக்கல், உதவிப் பேராசிரியர்: தனியார் பொறியியல் கல்லூரி. சம்பளம் 42 ஆயிரம் என்று வங்கியில் போடுவார்கள், அதில் 17 ஆயிரத்தை எடுத்து ரொக்கமாக ஆபீசில் கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று முகமே தெரியாத நாலு பேர் எங்கள் துறையில் வந்து உட்காருவார்கள். ஒரிஜினல் சான்றிதழ் எல்லாம் கல்லூரியிடம். பேசினால் சான்றிதழ் வராது. மாட்டிக்கொண்டது போல இருக்கிறது மேடம்.

பதில்: உங்கள் கேள்வியோடு இதே மாதிரி இன்னும் ஐந்தாறு கேள்விகள் வந்திருக்கின்றன, கோவை, சேலம், காஞ்சிபுரம் என்று. தெரியாதவர்களுக்காக: இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லாத கல்லூரி ஆளைத் தாளில் மட்டும் காட்டும். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாக இருந்தது தெரியவந்து, அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது நினைவிருக்கும்.

உங்கள் விஷயத்தில் மூன்று வேறு வேறு தப்புகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ரொக்கமாகத் திருப்பி வாங்குவதில் ஏமாற்றப்படுபவர் நீங்கள் (அந்த 17 ஆயிரத்துக்கும் சேர்த்து வருமான வரி கட்டுபவரும் நீங்கள்தான்). முகம் தெரியாத நாலு பேர் கல்லூரியின் மோசடி, நீங்கள் வெறும் சாட்சி. ஆனால் துறையின் வருகைப் பதிவேட்டிலோ பாடவேளை அட்டவணையிலோ அவர்கள் பெயருக்கு எதிரில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறுகிறது. போட்டிருக்கிறீர்களா? இனி போடாதீர்கள். துறைத் தலைவர் கேட்டால் "நான் எடுத்த வகுப்புக்கு மட்டும் போடுகிறேன் சார்" என்று நில்லுங்கள், அதற்காக யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், ஏனென்றால் அதை எழுத்தில் காரணமாகக் காட்ட அவர்களால் முடியாது.

சான்றிதழுக்குப் பயப்பட வேண்டாம். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ-யும் பல்கலைக்கழகமும் சொல்லியிருக்கின்றன, சான்றிதழ் என்பது அடகு வைக்கும் சரக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்விச் சான்றிதழ் வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் முதலில் "விசா விண்ணப்பத்துக்கு வேண்டும்", "வங்கிக் கடனுக்கு வேண்டும்" என்று கேட்டு வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம், அது நடந்தால் நல்லது. நடக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் போனதும் முக்கால்வாசிக் கல்லூரிகள் சான்றிதழைக் கொடுத்துவிடும், கோர்ட்டுக்குப் போனால் ரொக்கக் கதையெல்லாம் வெளியே வரும் என்று அவர்களுக்கும் தெரியும். ஏடிஎம்மில் எடுத்த தேதியும் தொகையும் மாதாமாதம் ஒரே மாதிரி இருக்கும், அந்த வங்கிக் கணக்கு விவரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

போவதா? போங்கள், ஆனால் கல்வியாண்டு முடியும்போது, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.

கோவை, பவுண்டரி தொழிலாளி: எட்டு மாதமாகப் பிஎஃப் பிடிக்கிறார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை. நின்றுவிடலாமா?

பதில்: இதில் நீங்கள் தப்புக்குத் துணை போகவில்லை, உங்கள் காசு போகிறது. இங்கே கோபத்தில் நிற்பது முதலாளிக்குத்தான் வசதி. சம்பளத்தில் பிடித்த பிஎஃப்-ஐ அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது கிரிமினல் நம்பிக்கை மோசடி. சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறதல்லவா, அதை எட்டு மாதத்துக்கும் எடுத்து வையுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் பிஎஃப் குறைதீர்க்கும் போர்ட்டலில் புகார் போடுங்கள். வெளியே போன பிறகும் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் உள்ளே நாலு பேர் சேர்ந்து கேட்பதற்கும் வெளியே இருந்து ஒருவர் கேட்பதற்கும் வித்தியாசம் நான் தினமும் பார்ப்பது.

இஎஸ்ஐ-யும் கட்டுகிறார்களா என்று பாருங்கள். மாதம் 21 ஆயிரத்துக்குள் சம்பளம் என்றால் அது முக்கியம், ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் உடம்பு முடியாமல் படுத்தால் பணம் வரும்.

மதுரை, தனியார் வங்கி ஊழியர்: நகைக்கடன், வீட்டுக்கடன் வாங்க வருகிறவர்களிடம் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் என்று சொல்லச் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் வருடம் 50 ஆயிரம் பாலிசியை ஃபிக்சட் டெபாசிட் என்று சொல்லிப் போட்டுவிட்டேன். டார்கெட். இரவில் தூக்கம் இல்லை.

பதில்: பாட்டி விஷயத்தை முதலில் முடிப்போம். பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், முத்திரைத்தாள் செலவு போன்ற சின்னப் பிடித்தம் போகப் பணம் வரும். நீங்களே போய் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கமிஷன் திரும்பப் போகும், மேனேஜர் கத்துவார், கத்தட்டும். 30 நாள் தாண்டியிருந்தால் பாட்டியின் மகனையோ பேத்தியையோ கூப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அதிகாரி.

அடுத்தது உங்கள் வேலை. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதையை எல்லா பிராஞ்ச் ஊழியரும் ஒரு தடவை படிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள், டார்கெட்டுக்காக. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. அப்போது வங்கி பெருமையாகச் சொன்னது, சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று. டார்கெட் வைத்த பெரிய தலைகளை அந்த நேரத்தில் யாரும் தொடவில்லை, தலைமை அதிகாரி விலகியது கூட அமெரிக்க நாடாளுமன்றத்தில் வறுத்தெடுத்த பிறகுதான். மேலே இருப்பவன் டார்கெட்டை வாயால் சொல்கிறான், பாரத்தில் ஊழியர் எண் உங்களுடையது.

ஆறு மாதம் உங்களுக்கு நீங்களே கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பொய் சொல்லாமல் எவ்வளவு விற்க முடியுமோ அவ்வளவு, டார்கெட் வராது, அப்ரைசலில் அடிவாங்குவீர்கள், பரவாயில்லை. அதற்குள் ஆபரேஷன்ஸ் பக்கமோ வேறு வங்கிக்கோ கூட்டுறவுத் துறைத் தேர்வுக்கோ நகருங்கள். தூக்கம் கெடுவதை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன், உங்கள் மேனேஜர் நன்றாகத் தூங்குகிறார்.

சென்னை, பெயர் சொல்லவில்லை: என் கணவர் சொல்கிறார், "எந்தக் கம்பெனியில்தான் இல்லை, எல்லா இடமும் இப்படித்தான், நீ மட்டும் என்ன காந்தியா" என்று.

பதில்: எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உண்மைதான். இன்ஸ்பெக்டர் வந்தால் டீ செலவு என்று எழுதுவதும், ஊழியர் கையெழுத்தை நீங்கள் போட்டு ஓவர்டைம் பணத்தை முழுங்குவதும் ஒரே எடை இல்லை. "எல்லா இடமும் இப்படித்தான்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது: உங்கள் பேரில் பேங்க் கணக்கு திறந்து அதில் இந்தப் பணத்தை ஓட்டினால் சம்மதமா? அப்போது மட்டும் எல்லா இடமும் இப்படித்தான் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரரின் பயம் இஎம்ஐ பயமாக இருக்கலாம், அதை நேராகப் பேசுங்கள். நாலு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பேசினால் அவரும் காந்தியை இழுக்க மாட்டார்.

ஓஎம்ஆர், ஹெச்ஆர் எக்ஸிக்யூட்டிவ்: லே-ஆஃப் என்று சொல்லாமல் ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு ராஜினாமா எழுத வைக்கிறோம். எழுதாவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது என்று மிரட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு. ஒரு பையன் அழுதுவிட்டான் அக்கா.

பதில்: அம்மா, உங்கள் துறையில்தான் நானும் வளர்ந்தேன், அதனால் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். ஆட்குறைப்பு தப்பில்லை, தொழில் நொடித்தால் செய்துதான் ஆக வேண்டும். தப்பு அந்த ராஜினாமா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41வது பிரிவுப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது, நீக்கினால் அவர் மேல்முறையீடு செய்யலாம். அவரே ராஜினாமா கொடுத்துவிட்டால் இதெல்லாம் இல்லை. கம்பெனி அழவைத்தாவது அந்தக் கடிதத்தை வாங்குவது இதற்காகத்தான்.

ஐடி ஊழியருக்குத் தொழிற்சங்கம் வைக்க உரிமை இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2016-லேயே தமிழ்நாடு அரசு உண்டு என்று தெளிவுபடுத்திவிட்டது. அந்தப் பையன்கள் தொழிலாளர் துறைக்குப் போனால் அறையில் பேசியது யார் என்று உங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மிரட்டல் வசனத்தை மட்டும் சொல்ல மாட்டேன். "நீங்கள் கையெழுத்துப் போடாமலும் போகலாம், யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். இந்த ஒரு வரியால் பல பேர் பிழைப்பார்கள். மேலே தெரிந்தால் உங்களையும் அதே அறைக்குக் கூப்பிடுவார்கள், அப்போது நீங்கள் ராஜினாமா எழுதாதீர்கள்.

வேலூர், பட்டதாரி: மாமா மூலமாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கிளையில் வேலை. ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் வட்டி என்று ஆள் சேர்க்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் சரியாகக் கொடுக்கிறார்கள். தப்பா இது?

பதில்: மாதம் பத்து சதவீதம். எந்தத் தொழிலில் இந்த லாபம் வரும் என்று மாமாவிடம் கேளுங்கள். இதுவரை சரியாகக் கொடுக்கிறார்கள் என்றால் புதிதாகச் சேர்ந்தவன் பணத்தைப் பழையவனுக்குக் கொடுக்கிறார்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங்கும் கொஞ்ச நாள் சரியாகத்தான் கொடுத்தது, மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை. கடைசியில் சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். பொருளாதாரக் குற்றப் பிரிவு இயக்குநர்களோடு நிற்கவில்லை, கிளைகளை நடத்தியவர்களையும் ஏஜென்டுகளையும் கைது செய்தது. 2019-இல் வந்த முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் பணம் போடச் சொல்லி ஆள் சேர்ப்பதே தனிக் குற்றம்.

நாளையிலிருந்து போகாதீர்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்களிடம் பணத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு அவர் மூலமாகப் புகாருக்குப் போங்கள். மாமா உறவு முறியும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

திருச்சி, மெடிக்கல் ரெப்: டாக்டர்களுக்கு வெளிநாட்டு டிரிப், வீட்டுக்கு டிவி. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதற்கும் வேலையை விட வேண்டுமா?

பதில்: 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் பரிசையும் டிரிப்பையும் தடை செய்கின்றன. அதற்கு முன்பே 2022-இல் உச்ச நீதிமன்றம், டாக்டருக்குக் கொடுக்கும் இலவசத்தை மருந்துக் கம்பெனி செலவுக் கணக்கில் காட்டி வரிச் சலுகை வாங்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் நேராகச் சொன்னால் இதில் உங்களுக்குச் சிறை வரப்போவதில்லை, இது உங்கள் மனசு சம்பந்தப்பட்டது. ஒரு விஷயம் மட்டும்: உங்கள் சொந்த கிரெடிட் கார்டில் டிவி வாங்கிவிட்டு "ஃபீல்டு செலவு" என்று வவுச்சர் போடச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். கம்பெனி மாற விருப்பம் இருந்தால் மருத்துவமனைக் கொள்முதலைப் பார்க்கும் பிரிவுகளுக்கோ கருவிகள் பக்கமோ முயற்சி செய்யுங்கள், அங்கும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன்.

பல பேர் கேட்டது: போவதற்கு முன் புகார் கொடுத்துவிட்டுப் போகலாமா? சட்டம் பாதுகாக்குமா?

பதில்: பீகாரில் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அந்தக் கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் கழித்து, 2014-இல் ஊழல் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகாருக்குத்தான், உங்கள் முதலாளிக்கு இல்லை.

தனியார் கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டம் 177வது பிரிவு இருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கியிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி, இவற்றில் ஊழியர் புகார் சொல்ல ஒரு வழி இருந்தே ஆக வேண்டும், ஆடிட் கமிட்டித் தலைவரை நேராக அணுகவும் இடம் உண்டு. பெரிய கம்பெனியாக இருந்து தப்பு செய்வது ஒரு மேனேஜர் என்றால் இதைப் பயன்படுத்துங்கள், வேலை செய்யும். தப்பு செய்வதே முதலாளி என்றால் அந்தப் பெட்டியின் சாவி அவரிடம்தான்.

ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியில் சோதனைத் தரவுகள் பொய் என்று கண்டுபிடித்த தினேஷ் தாக்கூர் 2005-இல் வேலையை விட்டார். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது 2013-இல். நடுவில் எட்டு வருடம். அவருக்கு அமெரிக்கச் சட்டப்படி பெரிய தொகை பங்காகக் கிடைத்தது, அந்த அளவுக்கு ஒன்றை இங்கே எதிர்பார்க்காதீர்கள். புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிர் போகும் விஷயத்தில் கொடுத்தே ஆக வேண்டும். மற்றதில் முதலில் வெளியே வாருங்கள், அடுத்த வேலையில் நிலையாக உட்காருங்கள், அப்புறம் கொடுங்கள்.

ஹைதராபாத்திலிருந்து ஒரு தமிழர்: மேலதிகாரி சொன்னதை நான் செய்தேன், அவ்வளவுதான். என் மேல் எப்படிக் குற்றம் வரும்?

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலேயே பதில் இருக்கிறது. சத்யம் ஐடி கம்பெனியின் கணக்கு மோசடி வழக்கு. 2009 ஜனவரி 7 அன்று கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானது, 2015 ஏப்ரலில் தீர்ப்பு. தண்டனை பெற்ற பத்துப் பேரில் ராஜுவும் அவர் தம்பிகளும் மட்டும் இல்லை, நிதிப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

ஈரோடு, பெண் கணக்காளர்: ஆதாரமாக ஃபைல்களை எல்லாம் என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம்! கம்பெனியின் தரவை அனுமதி இல்லாமல் நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வருகிறது, நாளைக்குத் திருட்டுப் பழி உங்கள் மேல் திரும்பும். உங்களுக்கு உரியதை மட்டும் வையுங்கள்: நியமன ஆணை, சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம். மற்றதை வீட்டில் ஒரு நோட்டில், தேதி போட்டு, யார் என்ன சொன்னார், எந்த பில் எண் என்று கையால் எழுதுங்கள். வாயால் வரும் உத்தரவை எழுத்துக்கு மாற்றுவது இன்னும் நல்லது. "சார், நீங்கள் சொன்னபடி 14ஆம் தேதி பில்லை இந்த மாதத்தில் ஏற்றட்டுமா, சரக்கு ரசீது வரவில்லை" என்று ஆபீஸ் மெயிலில் பணிவாக ஒரு வரி. பாதி நேரம் அதற்குப் பதிலே வராது, அந்த வேலையையும் உங்களிடம் கொடுக்க மாட்டார்கள்.

காரைக்குடி: அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்றால் உண்மையைச் சொல்வதா?

பதில்: பாதி. "கணக்கு நடைமுறையில் எனக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். பழைய முதலாளியின் கதையை விலாவாரியாகச் சொன்னால், நாளைக்கு நம் கதையையும் இப்படித்தான் சொல்வான் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார், அது நியாயமான நினைப்பும் கூட. கிளம்பும்போது நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவிலும் கொட்டித் தீர்க்காதீர்கள், அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை, படித்தால் உங்களுக்கு நல்லதில்லை.

ஓசூர், உற்பத்திப் பிரிவு: நாலு வருடம் மூன்று மாதம் ஆகிறது. தரச் சோதனை ரிப்போர்ட்டில் தில்லுமுல்லு நடக்கிறது, என் பிரிவில் இல்லை. இப்போது போனால் கிராஜுவிட்டி போய்விடும். இரண்டு வருட பாண்டும் ஒரு காலத்தில் போட்டேன், அது முடிந்துவிட்டது.

பதில்: பாண்ட் முடிந்துவிட்டதால் தப்பித்தீர்கள். பாண்ட் எல்லாம் செல்லாது என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள், 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில் மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் என்றாலும், ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாள். உங்கள் கையெழுத்து அந்த ரிப்போர்ட்டில் இல்லாத வரை இன்னும் சில மாதம் இருந்து அந்தக் கணக்கை முடித்துக்கொண்டே போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது நீங்கள் சம்பாதித்த பணம். ஆனால் அந்தப் பாகம் என்ன பாகம் என்று எழுதவில்லையே? வண்டியின் பிரேக்குக்கோ ஸ்டீயரிங்குக்கோ போகிற பாகம் என்றால் இந்த பதிலை விட்டுவிட்டு சிவகாசி அண்ணனுக்கு எழுதியதைப் படியுங்கள்.